கணினிக் கேள்வி பதில்: பெயர் தெரிகிறது, கோப்புறை திறக்கவில்லை

வீட்டிலுள்ள இரண்டு கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர்வதில் வரும் தொல்லைகளைப் பற்றிய கடிதங்களை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நீளம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு மேசைக் கணினியும் ஒரு மடிக்கணினியும் உள்ளன. இரண்டிலும் விண்டோஸ் 11. இரண்டும் ஒரே ரவுட்டரில் இணைந்தவை. மேசைக் கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து வைத்தேன். மடிக்கணினியின் 'நெட்வொர்க்' பகுதியில் மேசைக் கணினியின் பெயர் தெரிகிறது. சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கிறது. நாள்தோறும் நான் அடிக்கும் நான்கு இலக்க எண்ணைக் கொடுத்தால் தவறு என்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலை அணைத்தும் பார்த்துவிட்டேன், பயனில்லை. கணினியை மறுபடியும் நிறுவத்தான் வேண்டுமா?

பதில்: எதையும் மறுபடி நிறுவ வேண்டாம். முதல் வேலையாக ஃபயர்வாலை மீண்டும் இயக்கிவிடுங்கள். உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை உங்கள் கடிதமே காட்டிக்கொடுக்கிறது. எதிர்முனையிலுள்ள கணினி "நீ யார்?" என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் கடவுச்சொல் பெட்டி உங்கள் திரையில் தோன்றும், ஃபயர்வால் வழிமறித்திருந்தால் அந்தக் கேள்வியே உங்களை வந்தடைந்திருக்காது.

கோப்புப் பகிர்வு வேலை செய்யவில்லை என்றால் மூன்று செய்திகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு கணினியிலிருந்து மற்றதற்குப் போய்ச்சேர வழி இருக்கிறதா. போய்ச்சேர்ந்த இடத்தில் பகிர்வுச் சேவை 445 என்ற போர்ட்டில், அதாவது அதற்கென்று எண் இட்ட வாசலில், பதில் சொல்கிறதா. பதில் சொன்ன பிறகு உங்களை இன்னார் என்று அது ஒப்புக்கொண்டு உள்ளே விடுகிறதா. பாதையே கிடைக்கவில்லை என்று 80070035 என்று முடியும் எண்ணோடு செய்தி வந்தால், கோளாறு முதலிரண்டில் ஒன்றில் இருக்கிறது. கடவுச்சொல் பெட்டி வந்தாலோ, அனுமதி இல்லை என்று வந்தாலோ, மூன்றாவதில் இருக்கிறது. நீங்கள் வாசல் வரை போய்விட்டீர்கள். அங்கே நின்றுகொண்டு தெருவைத் தோண்டிக்கொண்டிருப்பதால்தான் பலருக்கும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் இதில் கழிந்துவிடுகிறது.

நீங்கள் அடிக்கும் நான்கு இலக்க எண் கடவுச்சொல் அன்று. அது 'பின்' (PIN) எண். பின் எண் எந்தக் கணினியில் அமைக்கப்பட்டதோ அந்தக் கணினியோடு கட்டுண்டது. அதன் எதிரே உட்கார்ந்து அதன் விசைப்பலகையில் அடிப்பவருக்கு மட்டுமே அது செல்லும். நெட்வொர்க் வழியாக வருபவரிடமிருந்து விண்டோஸ் பின் எண்ணை ஏற்பதில்லை. கைரேகைக்கும் முகத்துக்கும் இதே விதிதான். நாள்தோறும் பின் எண்ணால் நுழைந்து பழகியவர்களுக்குக் கடவுச்சொல் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி தென்படும் காரணம் இதுவே.

அப்படியென்றால் அந்தப் பெட்டியில் எதை எழுதுவது? மேசைக் கணினியில் நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைகிறீர்கள் என்றால், பயனர் பெயர் என்ற இடத்தில் அந்தக் கணக்கின் முழு மின்னஞ்சல் முகவரியையும், அதன் கீழே அந்தக் கணக்கை இணையத்தில் திறக்கும்போது கொடுக்கும் கடவுச்சொல்லையும் எழுத வேண்டும். பூட்டுத் திரையில் தெரியும் உங்கள் பெயர் வெறும் காட்சிப் பெயர். அதை எழுதினால் ஏற்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டி திறக்கும்போதே மடிக்கணினியில் நீங்கள் பயன்படுத்தும் பெயர் அதில் நிரம்பியிருக்கக்கூடும். மேசைக் கணினிக்கு அந்தப் பெயரைத் தெரியாது என்பதால் 'மோர் சாய்ஸஸ்' என்பதைச் சொடுக்கி, 'யூஸ் எ டிஃபரண்ட் அக்கவுண்ட்' என்பதைத் தேர்ந்து, வெற்றிடத்தில் புதிதாக எழுதுங்கள். கேட்கப்படுவது நீங்கள் போக விரும்பும் கணினியின் பெயரும் கடவுச்சொல்லும்; நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியினுடையவை அல்ல.

சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் சில நேரம் மறுப்பே வரும். மேசைக் கணினியை நிறுவிய நாள்முதல் பின் எண்ணால் மட்டுமே நுழைந்து, கடவுச்சொல்லை அதில் ஒருமுறைகூட அடிக்காமலே இருந்துவிட்டால் இப்படி நேர்வதுண்டு. பூட்டுத் திரையில் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' வழியாக ஒரே ஒரு முறை கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்துவிட்டு, பிறகு மடிக்கணினியிலிருந்து முயன்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை இந்த வேலைக்கு இழுக்கவே வேண்டாம் என்பேன். மேசைக் கணினியில் 'பகிர்வு' என்ற பெயரில் ஓர் உள்ளூர்க் கணக்கை, நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக உருவாக்கி, அதற்கென்று ஒரு கடவுச்சொல்லை வைத்து, பகிரும் கோப்புறைக்கு அந்தக் கணக்கை மட்டும் அனுமதியுங்கள். மேசைக் கணினியின் பெயர் 'மேசை' என்று வைத்துக்கொண்டால், மடிக்கணினியின் பெட்டியில் மேசை\பகிர்வு என்று பயனர் பெயரை எழுதினால் போதும். சாய்கோட்டின் இடப்பக்கம் இருக்கும் பெயர், கணக்கு எந்தக் கணினியைச் சேர்ந்தது என்பதைக் குழப்பமின்றிச் சொல்லிவிடும். அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் வைக்காமல் விட்டுவிடாதீர்கள்: கடவுச்சொல் இல்லாத கணக்கை நேரே உட்கார்ந்து திறக்கலாமே தவிர, அதைக் கொண்டு நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது.

இதற்கு முன் தவறாகக் கொடுத்த பெயரும் கடவுச்சொல்லும் மடிக்கணினியின் நினைவில் தங்கியிருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்து, 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' என்பதன் கீழ் மேசைக் கணினியின் பெயரிலோ முகவரியிலோ இருக்கும் பதிவுகளை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் 1219 என்ற பிழை எண் தென்பட்டால், ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேறு பெயர்களில் நுழைய முயல்கிறீர்கள் என்று பொருள். மடிக்கணினியில் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால் பழைய இணைப்பு அறுந்துவிடும்.

உள்ளே நுழைந்த பிறகும் ஒரு தடை பாக்கி இருக்கலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பகிர்ந்த கோப்புறைக்கு இரண்டு அடுக்கு அனுமதிகள் உண்டு. ஒன்று, கோப்புறையின் பண்புகளில் 'ஷேரிங்' தாவலில் கொடுப்பது. மற்றொன்று 'செக்யூரிட்டி' தாவலில் வட்டிலேயே பதிந்திருப்பது. இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே நெட்வொர்க் வழியாக வருபவருக்குப் பொருந்தும். ஷேரிங் தாவலில் எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிட்டு, செக்யூரிட்டி தாவலில் 'பகிர்வு' என்ற கணக்கையே சேர்க்காமல் விட்டால், கோப்புறையின் பெயர் கண்ணுக்குத் தெரியும், உள்ளே போக முடியாது. படிக்க மட்டும் உரிமை கொடுத்திருந்தால் கோப்பு திறக்கும், திருத்திச் சேமிக்கும்போது மறுப்பு வரும். கோப்புறை முழுவதும் ஒழுங்காகத் திறந்து ஒரே ஒரு கோப்பு மட்டும் அடம்பிடித்தால், அதை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதே வட்டின் வேறு கோப்புறையிலிருந்து வெட்டி ஒட்டிய கோப்பு பெரும்பாலும் பழைய அனுமதிகளைச் சுமந்துகொண்டே வரும். நகலெடுத்து ஒட்டிய கோப்பு புதிய இடத்தின் அனுமதிகளை ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: எனக்கு நேர்மாறான தொல்லை. நேற்றுவரை நெட்வொர்க் பட்டியலில் தெரிந்த மற்றொரு கணினியின் பெயர் இன்று காணவில்லை. மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை இட்டுப் பார்த்தேன், அதற்கும் பதில் இல்லை. கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பதில்: அந்தப் பட்டியலை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பட்டியலில் பெயர் தெரிவது ஒரு ஏற்பாடு, கோப்பைத் திறப்பது முற்றிலும் வேறொரு ஏற்பாடு. பட்டியலில் இல்லாத கணினியின் கோப்புறையையும் முகவரி தெரிந்தால் திறந்துவிடலாம். காணாமற்போன கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்ற கட்டளையை இட்டால், ஐபிவி4 முகவரி என்ற வரியில் 192.168.1.7 என்பதுபோல் ஓர் எண் வரும். உங்கள் கணினியில் கோப்புச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் \\192.168.1.7 என்று இரண்டு பின்சாய்கோடுகளோடு எழுதி என்டர் தட்டுங்கள். கோப்புறைகள் தெரிந்துவிட்டால் உங்கள் பகிர்வு நலமாக இருக்கிறது. பெயரை அறிவிக்கும் சேவை மட்டுமே தூங்குகிறது.

ஐபிகான்ஃபிக் காட்டும் எண் 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் முகவரி அது. அந்நிலையில் பகிர்வு அமைப்புகளைத் தொடாமல், கேபிளையும் வைஃபை இணைப்பையும் பாருங்கள்.

பிங் பதில் தராததையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிங் செய்தியை விண்டோஸ் ஃபயர்வால் தடுத்துக்கொண்டே கோப்புப் பகிர்வை மட்டும் அனுமதிக்க முடியும். கேட்க வேண்டிய கேள்வி 445 திறந்திருக்கிறதா என்பதுதான். பவர்ஷெல் சாளரத்தில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' (Test-NetConnection) என்ற கட்டளையோடு முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால், கடைசி வரியில் ஆம் அல்லது இல்லை என்று விடை வந்துவிடும்.

பெயர் மறைந்ததற்கு இரண்டு காரணங்களை முதலில் ஐயுறுவேன். வைஃபையின் பெயரையோ ரவுட்டரையோ மாற்றியிருந்தால், விண்டோஸ் அதைப் புதிய இணைப்பாகக் கருதி 'பப்ளிக்' என்ற வகையில் போட்டிருக்கக்கூடும். பொது இடத்து வைஃபையில் இருப்பதாக எண்ணிக் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும் வகை அது. அமைப்புகளில் அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து 'பிரைவேட்' என்று மாற்றினால் பெரும்பாலும் பெயர் திரும்பிவிடும். இரண்டு கணினிகளிலும் பாருங்கள். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்தவர்கள் உண்டு.

இரண்டாவது காரணத்துக்குச் சிறு வரலாறு இருக்கிறது. கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி (SMB) என்ற நெறிமுறையின் முதல் பதிப்போடு சேர்ந்து இயங்கிய பழைய சேவை ஒன்றே முற்காலத்தில் இந்தப் பட்டியலைத் தயாரித்து வந்தது. 2017ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அந்த முதல் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதன்பின் பட்டியலில் இடம்பெற, ஒவ்வொரு கணினியும் "நான் இருக்கிறேன்" என்று தானே அறிவித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அறிவிக்கும் சேவையின் பெயர் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்'. காணாமற்போன கணினியில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, இச்சேவை நின்றிருந்தால் ஓடவிட்டு, தொடங்கும் முறையை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். பழைய பழக்கத்தில் 'ஹோம்குரூப்' என்பதைத் தேடி அலைய வேண்டாம். விண்டோஸ் 10இன் 1803 பதிப்போடு, அதாவது 2018இல், அது எடுக்கப்பட்டுவிட்டது.

பட்டியல் எப்படி இருந்தாலும் கவலையில்லை என்ற நிலைக்கு வர எளிய வழி ஒன்று உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே முகவரியை ஒதுக்கும்படி செய்துவிட்டு, அந்த முகவரியைக் கொண்டே பகிர்ந்த கோப்புறையை ஒரு டிரைவ் எழுத்தோடு இணைத்து வைத்துவிடுங்கள். முகவரியை ஒதுக்காமல் இணைத்தால், என்றோ ஒருநாள் ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுக்க, நீங்கள் மறுபடியும் இதே கடிதத்தை எழுத நேரும்.

கேள்வி: மாடியிலுள்ள கணினியிலிருந்து கீழே உள்ள கணினியின் கோப்புகளைத் திறக்க முடிகிறது. கீழிருந்து மாடிக் கணினியை எவ்வளவு முயன்றும் எட்ட முடியவில்லை. இரண்டிலும் ஒரே அமைப்புகளைத்தான் வைத்திருக்கிறேன். வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்பதால் அங்கே இன்னொரு ரவுட்டர் வைத்தோம்.

பதில்: விடையைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டு கணினிகளிலும் ஐபிகான்ஃபிக் கட்டளையை இட்டுப் பாருங்கள். கீழே 192.168.1 என்றும் மாடியில் 192.168.0 என்றும் எண்கள் தொடங்குமானால், உங்கள் வீட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெட்வொர்க்குகள் இருக்கின்றன. மாடி ரவுட்டர் தனக்குப் பின்னால் இருக்கும் கணினிகளை மறைத்து, வெளியே தன் ஒரே முகவரியை மட்டும் காட்டுகிறது. உள்ளிருந்து வெளியே போகும் கோரிக்கைக்கு வரும் பதிலை அது சரியாகத் திருப்பிக்கொடுத்துவிடும். வெளியிலிருந்து தானாக வரும் கோரிக்கையை உள்ளே யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. மாடியிலிருந்து கீழே எட்டுவதும் கீழிருந்து மாடிக்கு எட்டாததும் அதனால்தான்.

மாடி ரவுட்டரின் அமைப்பில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற நிலை இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். பிறகு இரண்டு கணினிகளும் கீழ் ரவுட்டரிடமிருந்தே முகவரி பெறும். அந்த நிலை இல்லாத பழைய கருவி என்றால், முதலில் அதன் சொந்த முகவரியைக் கீழ் ரவுட்டரோடு மோதாத ஓர் எண்ணுக்கு மாற்றி, முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை அதில் நிறுத்தி, கீழிருந்து வரும் கேபிளை 'வான்' என்று குறித்த துளையிலிருந்து எடுத்து 'லான்' துளைகளில் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கேபிளை முதலில் மாற்றிவிட்டால் இரண்டு ரவுட்டர்களும் போட்டிபோட்டு முகவரி வழங்கத் தொடங்கி, வீட்டிலுள்ள இணையமும் தடுமாறும்.

ஒரே ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதற்கு உறவான ஒரு தொல்லை வருவதுண்டு. ஒரு கணினி விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைஃபையில் இணைந்திருந்தால், இணையம் கிடைக்கும், பக்கத்துக் கணினி மட்டும் கிடைக்காது. விருந்தினரை வீட்டுக் கணினிகளிடமிருந்து விலக்கி வைப்பதற்கென்றே செய்த ஏற்பாடு அது. கோளாறு என்று சொல்வதற்கில்லை.

கேள்வி: விண்டோஸ் 11 ப்ரோ 24ஹெச்2 பதிப்புக்கு மாறிய பிறகு, கடவுச்சொல் இல்லாமல் பல ஆண்டுகளாகத் திறந்துவந்த பழைய நெட்வொர்க் வட்டு திறக்க மறுக்கிறது. எஸ்எம்பி முதல் பதிப்பை மீண்டும் இயக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பற்றிக்கொண்டுதான் 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் உலகமெங்கும் பரவியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கணினிகள் சிக்கிக்கொண்டன. மேலும், நேற்றுவரை திறந்த வட்டு இன்று மறுப்பதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பும் குறைவு. 24ஹெச்2 பதிப்பின் ப்ரோ வகையில் இரண்டு புதிய கண்டிப்புகள் வந்துள்ளன: பெயர் கேட்காமல் விருந்தினராக நுழைவதை அது ஏற்பதில்லை, ஒவ்வொரு செய்தியிலும் எண்மக் கையொப்பம் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. விருந்தினராக நுழைபவரால் கையொப்பமிட முடியாது என்பதால், கடவுச்சொல் இல்லாத பகிர்வு இரண்டு வகையிலும் அடிபடுகிறது. வட்டின் அமைப்புப் பக்கத்தில் ஒரு பயனரை உருவாக்கி, கடவுச்சொல் வைத்து, எஸ்எம்பி 2 அல்லது 3 என்பதை இயக்கினால் பெரும்பாலான வட்டுகள் வழிக்கு வந்துவிடும். முதல் பதிப்பைத் தவிர வேறெதுவும் தெரியாத மிகப் பழைய கருவி என்றால், அதிலுள்ள கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுத்துவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி இந்த நிலையில் இருக்கிறது. விண்டோஸ் 7 இரண்டாம் பதிப்பை அறியும் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ஒரு கணினியில் விண்டோஸ், மற்றதில் மேக். மேக்கில் பகிர்வை இயக்கிவிட்டேன். ஆனால் விண்டோஸிலிருந்து என் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது.

பதில்: மேக்கின் அமைப்புகளில் 'ஃபைல் ஷேரிங்' பக்கத்தில் 'ஆப்ஷன்ஸ்' என்ற பொத்தானை அழுத்தினால் பயனர்களின் பட்டியல் வரும். அங்கே உங்கள் பெயருக்கு எதிரே குறியிட்டு, கடவுச்சொல்லை ஒருமுறை கொடுக்க வேண்டும். அந்தக் குறியை இடாதவரை விண்டோஸிலிருந்து வருபவரின் கடவுச்சொல்லை மேக் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதையொத்த ஒரு பொறி இருக்கிறது. அங்கே இந்த வேலையைச் செய்வது சாம்பா என்ற மென்பொருள். அது தன் கடவுச்சொற்களைத் தனியாக வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் நுழையும் கடவுச்சொல் சரியாக இருந்தாலும், 'எஸ்எம்பிபாஸ்வ்ட்' (smbpasswd) கட்டளையால் சாம்பாவுக்கென்று ஒன்றை வைக்காதவரை அது உங்களை அறியாது. 1992இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய மென்பொருள் இது. எஸ், எம், பி ஆகிய மூன்றெழுத்துகளும் அந்த வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடியபோது அவருக்குச் சிக்கிய பெயர்தான் சாம்பா.

கேள்வி: எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகம். இரண்டும் கேபிளில் இணைந்தும் நொடிக்கு 11 எம்பிக்கு (மெகாபைட்டுக்கு) மேல் போகவில்லை.

பதில்: அந்த 11 என்ற எண்ணே காரணத்தைச் சொல்கிறது. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், நூறு மெகாபிட் இணைப்பில் அதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. கிகாபிட் இணைப்பு என்றால் ஏறக்குறைய 110 வரை போகும். ரவுட்டரின் துளைகள் நூறு மெகாபிட் வகையா என்று பாருங்கள். அவை கிகாபிட் என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்: கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும், ஒரு கம்பி முனையில் விட்டுப்போயிருந்தாலும், இணைப்பு அறுபடாமல் சத்தமின்றி நூறுக்கு இறங்கிவிடக்கூடும்.